இரையை மாற்றுவதற்கு முன் ஆழத்தை மாற்றிப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள பீற்றர்பரோவுக்குக் குடிவந்த பிறகு ரைஸ் ஏரியின் கரையிலும் படகுத்துறையிலும் நின்று, இங்கே பான்ஃபிஷ் என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் புளூகில், பம்ப்கின்சீட், கிராப்பி, மஞ்சள் பேர்ச் ஆகியவற்றைப் பிடித்து வருகிறீர்கள். மண்புழு, பாண் உருண்டை, தகரத்தில் வரும் சோளம், பிளாஸ்ரிக் புழு, மணமூட்டிய பசை என்று பலவற்றை முயன்று குறிப்பேட்டிலும் எழுதியிருக்கிறீர்கள். ஜூன் மாதத்தில் எதைப் போட்டாலும் மீன் ஏறியது. ஜூலை பிற்பகுதியில் அதே இரைகளுக்கு அதே இடத்தில் விரல் நீள மீன்களைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்றவரோ தலையில் சிறு எடை வார்த்த கொக்கியான ஜிக், அதிலும் மலிவான ஒன்றில் கிராப்பிகளை வரிசையாகத் தூக்கினார். எது சிறந்த இரை, விலை கூடிய மணமூட்டிய இரையை வாங்குவதில் பயன் உண்டா, கொக்கியை விழுங்கிவிட்ட மீனை என்ன செய்வது என்பவை உங்கள் கேள்விகள். ஆனால் உங்கள் குறிப்பைப் படிக்கும்போது, இத்தனை மாற்றங்களுள் எது வேலை செய்தது என்பதை எப்படி அறிவது என்பதையே நீங்கள் உண்மையில் தேடுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்கு விடை கிடைத்தால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே தெளியும்.

நான் மீன்வளம் படித்தவன். கவார்த்தா ஏரிகளிலும் ரைஸ் ஏரியிலும் பல ஆண்டுகளாகத் தூண்டில் போடுகிறவன். ஆகவே நான் சொல்வது ஆழம் குறைந்த, நீர்ச்செடி அடர்ந்த, கோடையில் பச்சை கலந்து கலங்கும் ஏரிகளுக்குப் பொருந்தும். ஆழமான, தெளிந்த ஏரிகளில் வரிசை மாறக்கூடும். அவற்றைப் பற்றி நான் உறுதியாகப் பேச மாட்டேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆழம், இரையின் பருமன், அது நீரில் இறங்கும் வேகம், தக்கையும் நூலும் மீனுக்குக் காட்டும் எதிர்ப்பு ஆகிய நான்கும் சரியாக அமைந்த பிறகுதான் இரை எந்தப் பொருளால் ஆனது என்ற வினாவுக்குப் பொருள் உண்டு. பெரும்பாலானோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். இரையை மாற்றுவது எளிது, கடையில் வாங்கக் கிடைப்பதும் அதுவே. ஆழத்தை மாற்றுவதற்கோ நூலில் முடிச்சை நகர்த்திக்கொண்டே இருக்கும் பொறுமை வேண்டும்.

உங்கள் ஜூன் மாதப் புதிருக்கு முதலில் வருகிறேன், ஏனெனில் உங்கள் குறிப்பேட்டைக் குழப்பியது பெரும்பாலும் அதுதான். நீரின் வெப்பநிலை 20 பாகை செல்சியஸை நெருங்கும்போது புளூகில் ஆண்கள் கரையோர ஆழமற்ற நீரில், மணலையும் சரளையையும் வாலால் விலக்கித் தட்டுப் போன்ற வட்டப் பள்ளங்களை அமைக்கும். அவை கூட்டம் கூட்டமாக அருகருகே கூடு கட்டும் இயல்புடையவை. வெயில் நேரத்தில் துறையில் நின்று பார்த்தாலே வெளிறிய வட்டங்கள் தெரியும். முட்டையிட்டபின் பெண் போய்விடும். ஆண் நின்று முட்டைகளையும் குஞ்சுகளையும் காக்கும். அந்த நாட்களில் கூட்டுக்குள் எது விழுந்தாலும் அது கவ்வும். பெருமளவுக்கு அது கூட்டைக் காக்கும் செயல், பசியோடு அதற்குத் தொடர்பு குறைவு. பாணும் சோளமும் பிளாஸ்ரிக்கும் அப்போது ஒரே மாதிரி வெற்றி பெற்றதில் வியப்பில்லை. அந்த வெற்றியிலிருந்து இரையைப் பற்றி எதையும் கற்க முடியாது. எனவே கூடுகள் கண்ணில் படும் இடத்தில் எடுத்த குறிப்புகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அவற்றை ஜூலைக் குறிப்புகளோடு ஒப்பிட வேண்டாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. கிழக்கு ஒன்ராறியோவிலுள்ள ஒப்பினிக்கன் ஏரியில் புளூகில்களின் இனப்பெருக்கத்தை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். அங்கே கூடு காக்கும் ஆண் மீன் பருவமடைவதற்கு ஏறக்குறைய 7 ஆண்டுகள் ஆகின்றன. கூடு கட்டாமல் பிறர் கூட்டில் நுழைந்து கருவுறச் செய்யும் சிறிய ஆண்கள் 2 வயதிலேயே பருவமடைகின்றன. காவல் மீனைத் தூக்கிவிட்டால் சுற்றியிருக்கும் சிறு சன்ஃபிஷ்கள் (புளூகில், பம்ப்கின்சீட், கிராப்பி ஆகியவை சேர்ந்த குடும்பத்து மீன்கள்) சில நிமிடங்களில் முட்டைகளைத் தின்று தீர்க்கத் தொடங்கும். கூடுகளின் மேல் பெரிய ஆண்களையே தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தால் அந்த நீர்ப்பகுதியில் உள்ளங்கையளவு மீன்கள் குறைந்து விரல் நீள மீன்களே மிஞ்சும் என்ற அச்சத்துக்கு நல்ல அடிப்படை இருக்கிறது. அந்தச் சில வாரங்களில் கூடுகளை விட்டு விலகிப் போவதையே நான் வேண்டுகிறேன்.

ஜூலைக்கு வருவோம். சிறிய புளூகில்கள் நீர்ச்செடிகளுக்குள்ளேயே இருப்பதற்கு முதற்காரணம் இரை அல்ல, பாஸ் போன்ற வேட்டை மீன்களைப் பற்றிய அச்சம். போதிய பருமன் அடைந்து, எளிதில் விழுங்கப்பட முடியாத அளவு வந்த பிறகு அவை செடியின் விளிம்பைத் தாண்டித் திறந்த நீருக்கு வந்து, அங்கே மிதக்கும் நீர்த்தெள்ளு போன்ற சிற்றுயிர்களைத் தின்னும். இது திரும்பத் திரும்ப உறுதிசெய்யப்பட்ட செய்தி. ஆகவே நீங்கள் துறையை ஒட்டிய செடிகளின் நடுவே என்ன இரையைத் தொங்கவிட்டாலும் சிறியவையே வரும். பெரியவை நீங்கள் வீசிய இடத்துக்கு வெளியே, செடியின் வெளி விளிம்பிலோ அதற்கு அப்பால் நடு ஆழத்திலோ இருந்திருக்கும். இந்த நிலையில் மணமூட்டிய பசையை மாற்றி மாற்றிப் பூசுவது, ஆளில்லாத வீட்டின் கதவை விதம்விதமாகத் தட்டுவது போன்றது.

ஆழத்தை அறிவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. கொக்கியில் சற்றுக் கனமான ஈயக்குண்டைக் கவ்வவிட்டு வீசுங்கள். தக்கை நீருக்குள் அமிழ்ந்தால் நூல் குறைவு, சாய்ந்து படுத்தால் நூல் அதிகம். தக்கையின் நுனி மட்டும் நிமிர்ந்து தெரியும் நிலையே அந்த இடத்தின் ஆழம். பிறகு குண்டை எடுத்துவிட்டு, இரை செடியின் தலைக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி தக்கையை இறக்குங்கள். ஆழம் தடியின் நீளத்தை மிஞ்சினால், நூல் ஓடும் தக்கையைப் பயன்படுத்த வேண்டும்: நூலில் ஒரு தனி நூலால் சிறு முடிச்சு, அதன் கீழ் மணி, அதன் கீழ் தக்கை. முடிச்சு ரீலுக்குள் சுற்றிக்கொள்ளும் அளவு சிறியதாக இருப்பதால் வீசுவதற்குத் தடையாகாது. மேலிருந்து தொடங்கி, கடி இல்லாவிட்டால் அரையடி அரையடியாக இறக்கிக்கொண்டு போங்கள். கீழிருந்து மேலே வருவதைவிட இது நல்லது, ஏனெனில் கிராப்பியின் கண்களும் வாயும் மேல்நோக்கி அமைந்தவை. தன் தலைக்கு மேலே உள்ளதை அது ஏறிவந்து கவ்வும், தனக்குக் கீழே தொங்குவதைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. உங்கள் பக்கத்தில் நின்றவரின் மலிவான ஜிக் வென்றதற்கு, அது கிராப்பிக் கூட்டத்துக்குச் சற்று மேலே நின்றது என்பதே பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கும். அவர் எந்த நிறம் போட்டார் என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை அடி ஆழத்தில் போட்டார் என்று அடுத்த முறை கேளுங்கள்.

பேர்ச்சுக்கு இதைத் திருப்பிப் போட வேண்டும். அது பகலில் கூட்டமாகத் தரையை ஒட்டி அலையும். இரை தரையிலிருந்து ஒரு சாணுக்குள் இருப்பது நல்லது. கூட்டம் நகர்ந்துவிட்டால் இரையை மாற்றாமல் இடத்தை மாற்றுவதே வழி.

இனி, கடி வந்தும் மீன் கையில் சேராத சிக்கல். உங்கள் குறிப்பேட்டில் எத்தனை மீன் என்று மட்டுமே இருக்கிறது. அதை மூன்றாகப் பிரித்து எழுதினால் பாதி வேலை முடிந்தது: கடியே இல்லை என்றால் பிழை இடத்திலோ ஆழத்திலோ இருக்கிறது, கடி உண்டு, கொக்கி பற்றவில்லை என்றால் கொக்கியின் அளவிலோ இரையின் நீளத்திலோ தக்கையிலோ இருக்கிறது, பற்றிய மீன் பாதி வழியில் கழன்றால் இழுக்கும் முறையில் இருக்கிறது. புளூகில் இரையைக் கடித்துப் பிடுங்குவதில்லை. வாயைச் சட்டென்று விரித்துச் சுற்றியுள்ள நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது; அந்த உறிஞ்சுவிசை அதன் வாயின் விட்டம் அளவுள்ள தூரத்துக்குள்தான் வலுவாக இருக்கும். வாய் மிகச் சிறியது. எனவே எண் 4 கொக்கியில் (எண் கூடக் கூடக் கொக்கி சிறிதாகும்) முழு மண்புழுவைத் தொங்கவிட்டால் அது தொங்கும் வாலை மட்டும் உறிஞ்சி, எதிர்ப்பை உணர்ந்ததும் அதே வேகத்தில் துப்பிவிடும். எண் 8 அல்லது 10 அளவுள்ள, மெல்லிய கம்பியாலான, தண்டு நீண்ட கொக்கியும், அதன் வளைவை மறைக்கும் அளவு மட்டும், ஏறக்குறைய ஒரு விரல் நகம் நீளத்துக்குக் கிள்ளிய புழுத்துண்டும் போதும். கிராப்பியின் வாய் அகன்றது, ஆனால் தாடையின் சவ்வு காகிதம் போல மெல்லியது. தடியை ஓங்கிச் சுண்டினால் கிழிந்துவிடும். அதற்கு எண் 6 அல்லது 4 பொருந்தும்; தடியைச் சுண்டி இழுக்காமல் நிதானமாகத் தூக்க வேண்டும், ரீலின் இறுக்கத்தையும் தளர்த்தி வைக்க வேண்டும்.

தக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்கள் படத்தில் தெரிவது சிவப்பும் வெள்ளையுமான உருண்டைத் தக்கை. 3 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டையின் கனஅளவு ஏறக்குறைய 14 கன சென்ரிமீற்றர். அதன் சொந்த எடையைக் கழித்தாலும் அதை முழுதாக அமிழ்த்துவதற்கு 10 கிராமுக்கு மேற்பட்ட விசை வேண்டும். உங்கள் இரையும் கொக்கியும் சேர்ந்து ஒரு கிராம்கூட இருக்காது. உறிஞ்சும் மீனுக்கு அந்த வேறுபாடு உடனே தெரியும். பென்சில் போன்று மெலிந்த தக்கையை எடுத்து, நீரில் நுனி மட்டும் ஒரு நகக்கண் அளவு வெளியே தெரியும்வரை சிறு குண்டுகளை ஒவ்வொன்றாக நூலில் கவ்வவிடுங்கள். கனமான குண்டுகள் தக்கைக்கு அருகிலும், மிகச் சிறிய ஒன்று மட்டும் கொக்கிக்கு ஒரு சாண் மேலேயும் இருக்கட்டும். இப்படி அமைத்தபின் தக்கை புதிய செய்திகளைச் சொல்லத் தொடங்கும். கிராப்பி இரையை எடுத்துக்கொண்டு மேலே ஏறும்போது அந்தக் கடைசிக் குண்டின் எடை நூலிலிருந்து நீங்கும். தக்கை அமிழாமல் உயர்ந்து எழும், சில வேளை நீரின்மேல் படுத்துவிடும். உருண்டைத் தக்கையில் இந்தக் கடி கண்ணுக்கே தெரியாது. 'கடியே இல்லை' என்று நீங்கள் எழுதிய மாலைப்பொழுதுகளில் இப்படித் தெரியாமற்போன கடிகளும் இருந்திருக்கலாம்.

நூலைப் பொறுத்தவரை 4 இறாத்தல் தாங்கும் மெல்லிய தங்கூசி போதும். இலேசான ஜிக் இயல்பாக இறங்குவதற்கு மெலிந்த நூல் உதவுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஃபுளோரோகார்பன் நூலின் ஒளிவிலகல் எண் நீருக்கு நெருக்கமானது என்பதும் உண்மையே. ஆனால் கலங்கிய ரைஸ் ஏரியில் அதனால் கூடுதலாக மீன் கிடைக்கும் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஜிக் போடுபவருக்கு அதைவிட முக்கியமானது அதன் எடை. 1/16 அவுன்ஸ் ஜிக் ஏறக்குறைய 1.8 கிராம், 1/32 அவுன்ஸ் 0.9 கிராம், 1/64 அவுன்ஸ் 0.4 கிராமுக்குச் சற்று மேல். எடை பாதியானால் அது இறங்கும் வேகம் குறைகிறது, மீன் அதைப் பார்த்திருக்கும் நேரம் கூடுகிறது. குளிர்ந்த நீரில் மீனின் உடலியக்கம் மந்தமாக இருப்பதால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். தக்கையின் கீழ் ஜிக்கைத் தொங்கவிடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: முடிச்சு கொக்கியின் காதில் முன்பக்கமாக நழுவினால் ஜிக் வாலைக் கீழே போட்டு நிமிர்ந்து தொங்கும், விரலால் முடிச்சைக் காதின் மேற்புறத்துக்கு நகர்த்தினால் சிறுமீன் நீந்துவதுபோலக் கிடையாக நிற்கும். ஒவ்வொரு மீனைக் கழற்றிய பின்பும் அது நழுவியிருக்கும். ஒவ்வொரு முறையும் சரிசெய்ய வேண்டும். ஈயத்தை விழுங்கி லூன் பறவைகள் நஞ்சேறி இறப்பதால் கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளும் ஈய ஜிக்குகளும் 1997 முதல் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. ரைஸ் ஏரி தேசியப் பூங்கா அல்ல; ஆயினும் அங்கும் லூன்கள் உண்டு. தகரத்தாலும் தங்ஸ்தனாலும் செய்த குண்டுகள் கடைகளில் கிடைக்கின்றன.

இப்போது இரை. சன்ஃபிஷ் குடும்பத்து மீன்கள் முதன்மையாகக் கண்ணால் இரை தேடுபவை. அவற்றுக்கு மோப்பமும் சுவையும் உண்டு, ஆனால் இரவில் மண்புழுவின் மணத்தைத் தொடர்ந்து வரும் பழுப்புப் புல்ஹெட் கெளுத்தியோடு அவற்றை ஒப்பிட முடியாது. ஆகவே மணமூட்டிய இரை தூரத்து மீனை இழுத்து வரும் என்ற விளம்பரத்தை நான் நம்பவில்லை. வாய்க்குள் போன இரையை மீன் சற்றுக் கூடுதல் நேரம் வைத்திருக்கக்கூடும் என்பது பொருந்தக்கூடிய விளக்கம், அவ்வளவே. காசைச் செலவழிப்பதானால் நல்ல தக்கைகளிலும் மெல்லிய கொக்கிகளிலும் செலவழியுங்கள். உயிர் இரைகளுள் மண்புழுத் துண்டு எல்லாவற்றுக்கும் பொருந்தும். தேன்கூட்டு அந்துப்பூச்சியின் புழுவான வாக்ஸ்வேர்ம் மென்மையானது, கொழுப்பு மிகுந்தது, புளூகில் வாயின் அளவுக்கென்றே அமைந்தது போன்றது. அதன் தலைப்பக்கமாகக் கொக்கியை நுழைத்து, வால்நுனியில் முனை மட்டும் எட்டிப்பார்க்கும்படி உடலோடு கோர்த்தால் ஒரே புழு பல கடிகளைத் தாங்கும். நடுவில் குத்தினால் சாறு வடிந்து வெறும் தோலாகிவிடும். கிராப்பிக்கும் பேர்ச்சுக்கும் சிறு மின்னோ மீன் வலிமையான இரை. முதுகுச் செட்டைக்குக் கீழே, முதுகெலும்பைத் தொடாமல் கொக்கியை ஏற்றினால் அது நீந்திக்கொண்டிருக்கும். பாணும் சோளமும் செடியோரச் சிறு மீன்களுக்குப் போதும்; மற்றவற்றுக்கு அவற்றை நான் கொண்டு போவதில்லை.

மின்னோவைப் பயன்படுத்தும் முன் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 முதல் ஒன்ராறியோ இரை மேலாண்மை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வாங்கிய மண்டலத்துக்குள்ளேயே மின்னோவையும் அட்டையையும் பயன்படுத்த வேண்டும், வசிக்கும் மண்டலத்துக்கு வெளியே மீன்பிடித்தால் கடை ரசீதையும் கையில் வைத்திருக்க வேண்டும். எஞ்சிய இரையையோ வாளி நீரையோ ஏரியில் கொட்டக் கூடாது. கரையிலிருந்து 30 மீற்றருக்குள் கொட்டுவதும் குற்றமே. நோயும் வந்தேறி இனங்களும் ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் பரவும் எளிய வழிகளுள் இது ஒன்று.

நிறத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. தெளிந்த நீரில் சிவப்பு ஒளி முதலில் உறிஞ்சப்படுகிறது என்பது உண்மை. ஆனால் நீங்கள் போடும் ஆறு ஏழு அடி ஆழத்தில், அதுவும் பச்சை கலந்த நீரில், எந்த நிறம் மீனுக்கு எப்படித் தெரியும் என்பதிலிருந்து எது கூடுதலாகக் கடிபடும் என்று கணிக்க முடியாது. காற்றழுத்தம் மாறுவதே மீன் கடிப்பதைத் தீர்மானிக்கிறது என்ற நம்பிக்கைக்கோ நான் தெளிவாக மறுப்புச் சொல்வேன். புயலுக்கு முன் அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் அது ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் நீரின் அழுத்தத்துக்குச் சமம். மீன் ஒரு சாண் ஏறி இறங்கினாலே அதே மாற்றத்தை உணர்ந்துவிடும். அழுத்தம் மாறும்போது கூடவே மாறும் ஒளியும் காற்றும் நீரின் வெப்பமும் மீனைப் பாதிப்பது வேறு செய்தி. குறிப்பேட்டில் அவற்றை எழுதுங்கள்.

இரையின் பருமனைப் பற்றி நம்பத்தகுந்த ஆய்வு ஒன்று உண்டு. 1974இல் ஏர்ல் வேர்னரும் டொனால்ட் ஹாலும் புளூகில்களுக்கு வெவ்வேறு பருமனுள்ள நீர்த்தெள்ளுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரை அரிதாக இருந்தபோது மீன்கள் எதிர்ப்பட்ட எல்லாவற்றையும் தின்றன; இரை பெருகப் பெருகச் சிறியவற்றை விட்டுவிட்டுப் பெரியவற்றையே தேர்ந்தன. அதாவது, மீன் தேர்ந்து தின்பது அதன் மாறாத விருப்பத்தை மட்டும் பொறுத்ததல்ல, சுற்றிலும் என்ன எவ்வளவு கிடைக்கிறது என்பதையும் பொறுத்தது. கொக்கியில் மாட்டிய இரைக்கு இதை அப்படியே நீட்டிவிட முடியாது; அது தொட்டியில் செய்த சோதனை. ஆயினும் ஒரே இரை ஒரு வாரம் வென்று மறு வாரம் தோற்பது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. 'எது சிறந்த இரை' என்ற கேள்விக்கு நாள் குறிப்பிடாமல் விடை சொல்ல முடியாததும் இதனால்தான்.

சோதிக்கும் முறையில் உங்கள் குறிப்பேடு எங்கே வழுக்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் புழு, மாலையில் பிளாஸ்ரிக் என்று போட்டு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அங்கே நீங்கள் ஒப்பிட்டது காலையையும் மாலையையும்தான். ஒன்ராறியோவில் திறந்த நீரில் பொதுவாக ஒருவருக்கு ஒரே தூண்டில் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட முடியாது. ஆகவே ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றி மாற்றிப் போடுங்கள். நண்பர் கூட வந்தால் இருவரும் ஒவ்வொரு இரையாக எடுத்துக்கொண்டு, பாதி நேரத்தில் இரையையும் நிற்கும் இடத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கைத்திறனும் இடமும் இரையின் பெயரில் எழுதப்பட்டுவிடும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எண்ணிக்கையிலும் எச்சரிக்கை வேண்டும்: 'புழுவுக்கு நான்கு, பசைக்கு இரண்டு, புழுவே மேல்' என்று ஒரு நாள் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இரைகளும் முற்றிலும் சமம் என்று வைத்துக்கொண்டாலும், ஆறு மீன்கள் நான்குக்கு இரண்டாகவோ அதைவிட ஏற்றத்தாழ்வாகவோ பிரிவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 69. அந்தக் குறிப்பு எதையும் நிறுவவில்லை. இருபது மீன்கள் பதினைந்துக்கு ஐந்தாகப் பிரிந்தால் தற்செயலுக்கு வாய்ப்பு நூற்றுக்கு 4 அளவுக்குக் குறைந்துவிடும். அப்போது கவனிக்கத் தொடங்கலாம். அதிலும் கிராப்பியும் பேர்ச்சும் கூட்டமாக வருவதால் ஒரு கூட்டம் கடந்துபோகும் ஐந்து நிமிடமே கணக்கைத் திரித்துவிடக்கூடும். பல நாட்களில் திரும்ப வராத வேறுபாட்டை நான் வேறுபாடாகக் கொள்வதில்லை.

கடைசியாக, கொக்கியை விழுங்கிய மீன். கொக்கி தொண்டைக்குள் இருந்தால் இடுக்கியால் கிண்டி எடுக்காதீர்கள். வாயருகே நூலை வெட்டிவிட்டு உடனே நீரில் விடுங்கள். ஆழத்தில் கொக்கி குத்திய புளூகில்களைக் கொண்டே கனடாவில் இதை ஆராய்ந்து, 2009இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள்: கொக்கியைப் பிடுங்கப்பட்டவற்றைவிட நூல் வெட்டி விடப்பட்டவை கூடுதலாகப் பிழைத்தன, அவற்றுள் சில பின்னர் கொக்கியைத் தாமாகவே வெளித்தள்ளவும் செய்தன. விழுங்குவதையே குறைப்பதற்குத் தக்கையின் எடையைச் சரிசெய்வது முதல் வழி, ஏனெனில் கடி உடனே தெரிந்தால் மீன் விழுங்கும்வரை நீங்கள் காத்திருக்க நேராது. கொக்கியின் முள்தாடையை, அதாவது முனைக்குப் பின்னால் எதிர்ப்புறமாக நீளும் சிறு முள்ளை, இடுக்கியால் நசுக்கிவிடுவது அடுத்தது. நூலைத் தளரவிடாமல் இழுத்தால் அதனால் தவறிப்போகும் மீன்கள் மிகக் குறைவே. இவ்வளவும் செய்தபின்பும் செவுளிலிருந்து குருதி வழியும் மீன் பிழைப்பது அரிது. அது சட்டப்படி நீங்கள் எடுத்துச் செல்லக்கூடிய வகையாகவும் உங்கள் அன்றைய எண்ணிக்கைக்குள்ளும் இருந்தால், அதையே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நல்ல நிலையிலுள்ள இன்னொன்றை ஏரிக்கு விடுங்கள்.